சுண்ணாம்பு போட்ட மக்காச்சோளம்: ஐந்து சனிக்கிழமைகளின் மெக்சிகோ சமையல்

முதல் சனிக்கிழமை சுட்ட டோர்டியா, அதாவது மெக்சிகோவின் மெல்லிய மக்காச்சோள ரொட்டி, எதுவும் முழுதாகக் கல்லைவிட்டு வரவில்லை. திருப்பும்போதே மூன்றாக, நான்காக உடைந்தது. தப்பித் தவறி முழுதாக வந்த ஒன்றை மடித்தேன். மடித்த இடத்திலேயே பிளந்தது. "அக்கா, இதை எந்தப் பக்கத்திலிருந்து ஒட்டணும்?" என்று கேட்ட தம்பி, துண்டுகளைக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு பீன்ஸை அள்ளித் தின்றான். அன்றைக்கு அதைச் சாப்பிட வேறு வழியும் இல்லை.

தவறு கையில் இல்லை, மாவில். நான் வாங்கி வந்தது காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே திரித்த மஞ்சள் மாவு. மக்காச்சோளத்தின் பெயரில் மூன்று பொடிகள் விற்கிறார்கள். வெள்ளைவெளேரென்று, விரலிடுக்கில் கிரீச்சிடும் கார்ன்ஃப்ளார் வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க உதவும், அவ்வளவுதான். மஞ்சள் மாவு கேக், ரொட்டி வகைகளுக்கு. டோர்டியாவுக்கு வேண்டியது மூன்றாவது, மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, ஈரமாக அரைத்து, பிறகு உலர்த்திய மாவு அது. பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானத்தில் சுண்ணாம்பு என்று இருக்கிறதா பார்த்தால் போதும், குழப்பம் தீரும். நான் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன்.

சுண்ணாம்பு எதற்கு? கோதுமை மாவில் குளூட்டன் இருப்பதால் பிசையப் பிசைய இழுவை வருகிறது. மக்காச்சோளத்துக்கு அந்த வசதி கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் ஈர மணல்தான். சுண்ணாம்பு நீரில் போட்டால் மணியின் தோல் இளகுகிறது. தோலின் சுவர்களைக் கட்டி வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து பசையாகிறது. ஸ்டார்ச்சும் ஓரளவு வெந்து கொழகொழப்பு தருகிறது. அந்தப் பிடிப்புதான் டோர்டியாவை மடிக்க விடுகிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் குறைந்தது மூவாயிரம் ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய மக்காச்சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். ஆஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் நெஷ்ட்லி என்றால் சாம்பல். சுண்ணாம்புக்குப் பதில் மரச் சாம்பலும் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் உண்டு, ஆனால் நம் உடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், செய்முறையை விட்டுவிட்டுப் போனார்கள். 18-ம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வடக்கு இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா பிடித்தது: தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தியும் பேதலிக்கும் நோய். நயாசின் குறைவுதான் காரணம் என்பது 1937-ல்தான் தெளிவானது. அந்தப் பக்குவத்தைத் தவறவிட்டதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை உடைந்த டோர்டியாவோடு போயிற்று.

இரண்டாம் சனிக்கிழமை சரியான மாவோடு உட்கார்ந்தேன். 250 கிராம் மாசா ஹரினா, 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. பிசைவதற்குப் பெரிய உழைப்பு வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் ஊறவிட வேண்டும், அப்போதுதான் மாவு தண்ணீரை முழுக்கக் குடிக்கும். பதம் பார்க்கும் விதம்: ஒரு சின்ன உருண்டையைக் கட்டை விரலால் அமுக்க வேண்டும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, விரலில் ஒட்டினால் கூடிவிட்டது. நான் மேலும் இரண்டு மேசைக்கரண்டி தெளிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல் மாவு, முப்பது கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக உருட்டினால் இருபது.

டோர்டியா அழுத்தும் கருவி என்னிடம் இல்லை. கனமான, அடி தட்டையான வாணலியால் அழுத்தினேன். மாவுக்கு மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வேண்டும். முதலில் உணவைச் சுற்றும் மெல்லிய படலத்தை வைத்தேன். அது சுருங்கி மாவுக்குள் புகுந்துகொண்டு வர மறுத்தது. ஃப்ரீசரில் வைக்கும் கெட்டிப் பையின் ஓரங்களை வெட்டி விரித்து வைத்ததும் சரியாகிவிட்டது. பதினாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு அழுத்தியதும் மேல் தாளை உரித்து, டோர்டியாவை உள்ளங்கையில் கவிழ்த்து, அடித் தாளையும் உரிக்க வேண்டும். மாவைத் தாளிலிருந்து பிடுங்கினால் கிழியும். தாளைத்தான் மாவிலிருந்து உரிக்க வேண்டும். சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது, செய்து பார்த்தால் தெரியும்.

இரும்புக் கல் நன்றாகக் காய வேண்டும். எண்ணெய் கூடாது. போட்ட இருபது வினாடியில் ஓரம் லேசாக எழும்பும், உடனே திருப்ப வேண்டும். மறுபக்கம் ஒரு நிமிடம், பழுப்புப் புள்ளிகள் விழும்வரை. மறுபடி திருப்பி நடுவில் விரலால் லேசாகத் தட்டினால் உப்பும். முதல் திருப்பல் தாமதமானால் மேல்பக்கம் உலர்ந்துபோகும், அப்புறம் என்ன தட்டினாலும் உப்பாது. அன்றைக்கு இருபதில் ஏழு உப்பின. சுட்டதை உடனே சாப்பிடக் கூடாது என்பதுதான் எனக்குப் புதிது. தடித்த துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். கல்லிலிருந்து வரும்போது விறைப்பாக இருப்பது, உள்ளே அடைபட்ட ஆவியில் துணி போலத் துவள்கிறது. முதல் வாரம் உடைந்ததற்கு மாவு முக்கால் காரணம் என்றால், இந்தப் பொறுமையின்மை மீதிக் கால்.

டோர்டியா கைக்கு வந்ததும் சட்னி மாதிரி ஏதாவது அரைத்தால் போதும் என்று நினைத்தேன். மூன்றாம் சனிக்கிழமை அந்த நினைப்பைச் சரிசெய்தது.

அதற்கு முன்பெல்லாம் நான் செய்த 'மெக்சிகன்' சமையல் என்பது ஒரு டாக்கோ மசாலா பாக்கெட். சீரகம் தூக்கலாக, மிளகாய்ப் பொடி, பூண்டுப் பொடி, கொஞ்சம் சர்க்கரை. எதில் போட்டாலும் ஒரே ருசி. அந்த ருசிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவைவிட எல்லைக்கு வடக்கே டெக்சஸ்தான். சீரகம் சேர்த்த மிளகாய்ப் பொடிக் கலவை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கேதான் வியாபாரச் சரக்கானது. அது கெட்ட சமையல் என்று சொல்ல மாட்டேன், பசித்த நேரத்தில் இப்போதும் செய்வேன். ஆனால் இம்முறை பாக்கெட்டைத் தொடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

டோர்டியாவை மிளகாய் சாஸில் தோய்த்துச் சுருட்டுவது என்சிலாடா. அதற்கான சாஸுக்கு எட்டு குவாஹியோ மிளகாய் என்று குறிப்பு சொன்னது. என்னிடம் இருந்தது சாதாரணக் காய்ந்த மிளகாய். மிளகாய்க்கு மிளகாய் என்று எட்டை எண்ணிப் போட்டேன். சாஸ் நாக்கில் பட்டதும் தம்பி ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்த் தயிர் டப்பாவோடு வந்தான். நானும் அதிலிருந்தே சாப்பிட்டேன்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் குவாஹியோ 2,500 முதல் 5,000 வரை. மெலிந்து நீண்ட ஆர்போல் மிளகாய் 15,000 முதல் 30,000 வரை. இரண்டும் தாவரவியலில் ஒரே இனம்தான், காப்சிகம் ஆனுவம். காரமே இல்லாத குடைமிளகாயும் அதே இனம். மெக்சிகோவில் பயிராகப் பழக்கப்பட்ட அந்த ஒரே செடியிலிருந்து, வேலைக்குத் தகுந்தபடி இத்தனை வகை பிரித்திருக்கிறார்கள். குவாஹியோவின் வேலை காரம் தருவது இல்லை. நிறமும் சதையும் தருவது. அந்த சாஸில் அது மசாலாப் பொருள் கிடையாது, காய்கறி. போப்லானோ மிளகாய் பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ. அதைப் பிட்டால் உலர் திராட்சை வாசனை வரும். ஹலபேன்யோவைப் புகைபோட்டுக் காயவைத்தால் சிபோட்லே. பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்ததும் வேறு பெயர். முதலில் எரிச்சலாக இருந்தது. முகர்ந்து பார்த்ததும் நியாயம் புரிந்தது, இரண்டும் வேறு பொருள்தான்.

குவாஹியோவும் ஆஞ்சோவும் வரவழைத்தேன். கிடைக்காதவர்கள் காரம் குறைந்து, நிறம் தூக்கலான நீள மிளகாயைப் போடலாம். அல்லது சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் இரண்டும் சாதாரணக் காய்ந்த மிளகாய் ஒன்றும். பிந்தையதில் அந்த உலர்ந்த பழ வாசனை வராது, ஆனால் சாஸுக்குச் சதை வந்துவிடும். நான் அப்படியும் ஒருமுறை செய்தேன், மோசமில்லை.

அடுத்த சறுக்கல் வறுப்பதில். விதையை உதறிவிட்டு, காய்ந்த கல்லில் மிளகாயைப் போட்டு, கரண்டியால் அழுத்தி, ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வினாடி. அவ்வளவே. நான் முப்பது வினாடி விட்டேன், கறுத்துவிட்டது. ஊறவைத்து அரைத்த பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை. சர்க்கரை, தக்காளி, உப்பு எல்லாம் போட்டுப் பார்த்துக் கடைசியில் கொட்டினேன். தோலின் நிறம் கொஞ்சம் வெளுத்து, வாசனை எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கமறலில் இருமல் வந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அரைப்பில் சேர்க்காதீர்கள், சில மிளகாய்களில் கசப்பெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மிளகாய் கருகக் கூடாத அதே கல்லில் தக்காளி கருகத்தான் வேண்டும். இரண்டு தக்காளி, அரை வெங்காயம், தோலோடு மூன்று பல் பூண்டு. தக்காளித் தோலில் கறுப்புத் திட்டு விழுந்து உள்ளே கொழகொழவென்று ஆகும்வரை. பூண்டு தோலுக்குள்ளேயே வெந்து இனிப்பாகிவிடுகிறது. ஈரமுள்ள காயில் கருகுவது மேல்தோல் மட்டும்; காய்ந்த மிளகாய் முழுக்கவே தோல்தானே.

சரி, எல்லாவற்றையும் நைசாக அரைத்து வடிகட்டியாயிற்று. எட்டு குவாஹியோ, இரண்டு ஆஞ்சோ, சுட்ட காய்கள், மெக்சிகோ ஓரிகானோ ஒரு சிட்டிகை (இது பீட்சா ஓரிகானோவுக்கு உறவே இல்லை, வெர்பீனா குடும்பத்துச் செடி), உப்பு. ருசி பார்த்தேன்: பச்சை வாடை, தட்டையான புளிப்பு. இத்தனை பாடுபட்டு இதுதானா என்று இருந்தது. அடுத்த படியைக் குறிப்பில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள், நானும் ஏதோ சூடுபடுத்தச் சொல்கிறார்கள் என்றுதான் படித்தேன். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அரைத்ததை மொத்தமாகக் கொட்ட வேண்டும். பயங்கரமாகத் தெறிக்கும், மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறேழு நிமிடம் கிளறியதில் செங்கல் நிறம் அடர்ந்து குங்குமக் கறுப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தது. அதே சாஸ், அதே பொருட்கள். ஆனால் நாக்கில் வேறு ஆள். நான்காவது வாரம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அதுவரை இல்லாத பொருளுக்கு மாற்று தேடுவதிலேயே மூளையைச் செலவழித்தேன். பொருளுக்கு மாற்று கிடைத்துவிடுகிறது, மெக்சிகோவில் வாசனைக்குப் போடும் எபசோட்டே இலை இல்லாமலும் பீன்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்பில் வேகவைப்பது, வறுப்பது, எண்ணெயில் சுருள விடுவது, இவற்றுக்கு மாற்று கிடையாது. நான் சோம்பலில் தாண்டிப்போன ஒவ்வொரு படியும் திரும்பி வந்து அடித்தது.

என்சிலாடாவில் அதுவே நடந்தது. டோர்டியாவைச் சாஸில் தோய்ப்பதற்கு முன், சூடான எண்ணெயில் இரண்டு மூன்று வினாடி முக்கி எடுக்கச் சொல்வார்கள். எண்ணெய் மிச்சம் பண்ணலாம் என்று முதல் ஆறை நேராகச் சாஸில் தோய்த்துச் சுருட்டினேன். மேசைக்கு வருவதற்குள் கூழ். அடுத்த ஆறை எண்ணெயில் முக்கி எடுத்தேன். மேலே படிந்த எண்ணெய் சாஸை உள்ளே ஊற விடவில்லை, கடைசிவரை சுருள் சுருளாகவே நின்றன.

பீன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, அது மட்டும்தான் முதல் தடவையே ஒழுங்காக வந்தது. 250 கிராம் கறுப்பு பீன்ஸ், அரை வெங்காயம், உப்பு, மெதுவான தீ. தக்காளியோ எலுமிச்சையோ வேகும் முன் சேர்த்தால் பீன்ஸ் விறைத்துக்கொள்ளும், அதனால் புளிப்பு எல்லாம் கடைசியில். கறுப்புக்குப் பதில் சிவப்பு ராஜ்மா வகையைப் போடுபவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டிவிடும். வெந்ததை வெங்காயம் வதக்கிய எண்ணெயில் மசித்தால் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ். ஸ்பானிய மொழியில் 'ஃப்ரிதோஸ்' என்றால் வறுத்தது; பெயரைப் பார்த்து இரண்டு தடவை வறுக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அந்த 'ரெ' இங்கே 'மறுபடி' இல்லை, 'நன்றாக' என்பதாம்.

ஐந்தாம் சனிக்கிழமை எனக்குத் தைரியம் கொஞ்சம் கூடிப்போனது. பாக்கெட் மாவு வேண்டாம், முழு மக்காச்சோளத்திலிருந்தே தொடங்குவோம். 500 கிராம் காய்ந்த மக்காச்சோளம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஐந்து கிராம் சுண்ணாம்பு, அதாவது மக்காச்சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று. இனிப்புச் சோளமும் பாப்கார்னும் இதற்கு ஆகாது. சுண்ணாம்பு என்றால் சமையலுக்கென்றே விற்கும் நீற்றிய சுண்ணாம்புப் பொடி, கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்து எழும்பும், பக்கத்தில் போகாதீர்கள்.

கைக்கு எட்டியது அலுமினியப் பாத்திரம். சுண்ணாம்பு நீர் கடும் காரத்தன்மை கொண்டது, அலுமினியத்தை அரிக்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அடுப்படியில் நினைவு வரவில்லை. பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் உள்பக்கம் கறுத்து, பொடிப் பொடியாகக் குமிழ் வந்தது. அரைக் கிலோ மக்காச்சோளம் குப்பைக்குப் போயிற்று. பாத்திரம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மறுபடி எவர்சில்வரில்.

மணிகள் சுண்ணாம்பு நீரில் விழுந்ததும் பளிச்சென்று மஞ்சளாயின. மெல்லிய கொதியில் முப்பத்தைந்து நிமிடம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்தால் நடுவில் வெள்ளையாக, கொஞ்சம் வேகாத மாதிரி இருக்க வேண்டும். அடுப்பை அணைத்து இரவு முழுக்க அப்படியே ஊறவிட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் ஈர மண்ணும் வெந்த தானியமும் கலந்த வாசம். பாக்கெட் மாவில் இதன் நிழல்தான் இருந்திருக்கிறது.

அலசும்போதும் ஆர்வக்கோளாறு வேண்டாம். தோலை ஒன்றுவிடாமல் தேய்த்துக் கழுவினால் பசையும் கூடவே போய்விடும். இரண்டு மூன்று தண்ணீர் போதும். அரைப்பதில்தான் நான் தோற்றேன். மிக்ஸி தண்ணீர் இல்லாமல் சுற்ற மறுத்தது. தண்ணீர் விட்டால் மாவு கரண்டியில் ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டது. அதற்கென்று இருக்கும் ஆலையிலோ கையால் சுற்றும் இரும்பு எந்திரத்திலோ அரைத்தால்தான் ஈரம் குறைந்த கெட்டி மாவு கிடைக்கும். கடைசியில், எதை வேண்டாம் என்று தொடங்கினேனோ அந்த மாசா ஹரினாவையே இரண்டு கைப்பிடி போட்டு இறுக்கினேன். கொஞ்சம் அவமானம்தான். ஆனால் முப்பதுக்கு மேல் டோர்டியா வந்தது, பாதிக்குமேல் உப்பியது, தம்பி முதல் இரண்டை வெறும் உப்பு தொட்டே தின்றான்.

மிஞ்சியவை ஞாயிறு காலையில் விறைத்துப் போயிருந்தன. சிலாகிலெஸ் செய்வதற்கு அதுதான் வேண்டும்: புது டோர்டியாவில் ஈரம் அதிகம், பொரித்தால் எண்ணெய் குடித்துக்கொண்டு மெத்தென்று நிற்கும், பழையது மொறுமொறுக்கும். முக்கோணமாக வெட்டிப் பொரித்து வைத்துக்கொண்டு, மீந்த சாஸை வாணலியில் கொதிக்கவிட்டு, அதில் போட்டுப் புரட்டினேன். மேலே பச்சை வெங்காயம், கொஞ்சம் புளித்த கிரீம், ஒரு பொரித்த முட்டை. தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோவதற்குள் நமுத்துவிடும் என்பதால் இருவரும் அடுப்படியிலேயே நின்று வாணலியிலிருந்து சாப்பிட்டோம். கடைசியில் ஏழு துண்டு மிச்சம் இருந்தது. அவன் எண்ணிப் பார்த்து எனக்கு மூன்றை ஒதுக்கினான்.